பெட்டி ஒன்றும் சொல்லவில்லை

கடைக்குப் போனால் ரிம்மா வாயைத் திறக்கமாட்டாள். ரொட்டியை விரலால் காட்டுவாள், பாலாடைக்கட்டியைக் கண்ணால் காட்டுவாள், காசைத் தட்டில் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொள்வாள். புதிதாக வேலைக்கு வந்த விற்பனைக்காரி ஒருத்தி அவள் போனபிறகு, "பாவம், ஊமை போலிருக்கு" என்று உச்சுக்கொட்டினாள்.

வரிசையில் நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"ஊமையா? அடி பெண்ணே, தினம் காலையில உன்னை எழுப்புறதே அவ குரல்தான். உங்க வீட்டுப் பெட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிறவ அவதான்."

ஸலோமினோவில் எல்லா வீட்டுச் சமையலறையிலும் சுவரில் ஒரு பெட்டி இருந்தது. கம்பி வழியாக வரும் ரேடியோ. அதற்கு ஒரே ஒரு திருகு. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். வேறு நிலையம் வைக்க வழியில்லை. அதிகாலையில் மாஸ்கோவிலிருந்து நாட்டுப் பாட்டு, அப்புறம் செய்தி, செய்தி முடிந்ததும் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு ரிம்மா: "ஸலோமினோ பேசுகிறது."

எந்தத் தெருவில் தண்ணீர் வராது, குளியல் கூடம் இன்று ஆண்களுக்கா பெண்களுக்கா, படகு எப்போது புறப்படும், யார் வீட்டு ஆடு காணாமல் போனது, யார் இறந்துபோனார், யாருக்கு எண்பது வயது நிறைந்தது என்று ஒரு மணி நேரம் அவள் வாசிப்பாள். ஊர் அதைக் கேட்டுக்கொண்டே கஞ்சி கிண்டும், பிள்ளைக்குத் தலை வாரும், காலணி தேடும்.

அவள் அறிவிப்பாளர் நாற்காலிக்கு வந்ததும் ஒரு விபத்துதான். அப்பா மரக்கட்டை மிதக்கவிடும் வேலையில் ஆற்றோடு போய்விட்டார். அம்மா படுக்கையில். ரிம்மா ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தொடர்பு நிலையத்தில் தொலைபேசி இணைப்புத் தரும் வேலைக்குச் சேர்ந்தாள். தந்தி, தொலைபேசி, கம்பி ரேடியோ மூன்றும் அந்த ஒரே கட்டடத்தில் இருந்தன. முகம் தெரியாமல் பேசுகிற வேலை அவளுக்கு ஒத்துக்கொண்டது. ஆள் எதிரில் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு ஜனவரியில் அறிவிப்பாளர் இப்பொலீத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நிலையத் தலைவர் கார்ப் நிகனோரவிச் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைக் முன்னால் உட்காரவைத்தார். "அங்க யாரும் இல்லை. சுவர்தான் இருக்கு. சுவரைப் பார்த்துப் படி" என்றார்.

அவள் சுவரைப் பார்த்துப் படித்தாள். இப்பொலீத்துக்குத் தொண்டை சரியானது. ஆனால் ஊர் அவரைத் திரும்பக் கேட்கவில்லை.

அவள் படித்ததில் மற்றதெல்லாம் ஒரு பக்கம், ஆற்றுச் செய்தி ஒரு பக்கம். குளிர்காலத்தில் வியாத்கா ஆறு உறைந்து இறுகிவிடும். அக்கரையில் இருந்த ஸரேச்யே கிராமத்துக்கு ஆட்கள் பனிமேல் நடந்து போவார்கள், லாரிகூடப் போகும். வசந்தம் நெருங்க நெருங்க அந்தப் பாதை மேலே பார்க்க வெள்ளையாக இருக்கும், அடியில் அரிசிப்பொரி மாதிரி ஆகியிருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆற்றுக் காவலர்கள் துளைபோட்டு அளந்து நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். மறுநாள் காலை ரிம்மா படிப்பாள்: "ஆற்றின் பனிப்பாதை இன்று முதல் மூடப்படுகிறது. நடந்தும் போகவேண்டாம், வண்டியிலும் போகவேண்டாம். தயவுசெய்து." இரண்டு முறை படிப்பாள்.

கடைசி வார்த்தை தாளில் இல்லாதது. கார்ப் நிகனோரவிச் முதல் வருஷமே அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். "அரசாங்கம் கெஞ்சாது, ரிம்மா. உத்தரவு போடும்." அவள் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள். அடுத்த வருஷமும் தயவுசெய்து என்றே படித்தாள். அந்த வார்த்தைக்குப் பிறகு ஸலோமினோவில் ஒரு குடிகாரன்கூட ஆற்றில் கால் வைத்ததில்லை.

அவள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் கிளாஃபிரா இருந்தாள். தொடர்பு நிலையத்தைப் பெருக்கித் துடைத்தே வயதானவள். ஓய்வு பெற்றபிறகு பெட்டியோடு பேசுவாள். ரிம்மா "இன்று வெந்நீர் வராது" என்றால் கிளாஃபிரா அடுப்படியிலிருந்து, "சரிடி கண்ணு, அடுப்பிலே வச்சுக்கிறேன்" என்று பதில் சொல்வாள். சாயங்காலம் படிக்கட்டில் பார்த்தால், "காலையில உனக்குக் குரல் கம்மியிருந்தது. ராஸ்பெரி ஜாம் போட்டுத் தேநீர் குடி" என்பாள்.

நிலையத்தில் ரிம்மா கூசாமல் பேசிய இன்னொரு ஆள் வெனியமின். கம்பம் ஏறுகிறவன். காலணியில் இரும்புக் கொக்கி மாட்டிக்கொண்டு, உறைபனியிலும் ஏறிக் கம்பியை இழுத்துக் கட்டுவான். மனைவியை இழந்தவன். காலை ஒலிபரப்பு முடிந்ததும் இருவரும் மின்கல அறையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். ஊர் அவர்களுக்குக் கல்யாணமே பேசி முடித்துவிட்டது. அவர்கள் இருவரும் மட்டும்தான் அதைப் பேசவில்லை.

பிறகு நாடு மாறியது; அரசாங்கத்திடம் இருந்ததெல்லாம் தனியார் கைக்குப் போனது. நிலையத்தின் வாசலில் இருந்த பலகையைக் கழற்றி, அது இனி ஒரு பங்குக் கம்பெனி என்று வேறு பலகை மாட்டினார்கள். வேலை செய்தவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வந்தது. மாவட்டம் முழுக்கத் தபால்காரிகள், இணைப்புப் பெண்கள், கம்பம் ஏறுகிறவர்கள், துடைப்பக்காரிகள் எல்லோரும் முதலாளிகள் ஆனார்கள்.

"பாருங்கய்யா, முதலாளியே கம்பத்துல ஏறுறான்" என்று வெனியமின் கொக்கியை மாட்டிக்கொண்டே சொல்வான்.

"முதலாளி தொடைச்ச தரையில மிதிக்காதே" என்று கிளாஃபிரா சும்மா பேச வந்தவள் பதிலுக்குக் கத்துவாள்.

முதலாளிகளுக்குப் பல மாதமாகச் சம்பளம் வரவில்லை. ஒருமுறை சம்பளத்துக்குப் பதிலாக அலுமினிய வாளி கொடுத்தார்கள். அந்த நேரத்தில்தான் பெரிய நகரத்திலிருந்து ரோதியோன் என்ற இளைஞன் வந்தான். நல்ல கோட்டு, நல்ல பேச்சு. வந்ததும் பூட்சைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். அதை ரிம்மா கவனித்தாள்.

"ரிம்மா சவேல்யெவ்னா, நீங்கதானா அது! உங்க குரலைக் கேட்டுட்டேதான் பஸ் நிலையத்துல டீ குடிச்சேன்" என்றான். அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாக அழைத்ததில் அவளுக்குக் காது சிவந்தது.

அவனுடைய கம்பெனி பங்குகளை வாங்குகிறது. தபால் நிலையத்துக்குப் பக்கத்து ஜன்னலில் கொடுத்தால் உடனே ரொக்கம், கூடவே ஒரு மூட்டை சர்க்கரை. அந்த அறிவிப்பைக் காலையில் படிக்கவேண்டும். கார்ப் நிகனோரவிச் ஏற்கெனவே சம்மதித்துத் தலையாட்டிவிட்டார்.

ரிம்மா நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நீங்க வந்தா... காலை நேரம் இருக்குமா? எங்க நேரம்?"

"இதென்ன கேள்வி? புதுத் தொலைபேசி வரும், டிவி வரும், பத்துப் பதினைஞ்சு சேனல் வரும். உங்க நேரம் எங்கேயும் போகாது. உங்களை மாதிரி ஒரு குரலை யாராவது விடுவாங்களா?"

அவள் நம்பினாள். இத்தனை மரியாதையாக அவளிடம் பேசியவர்கள் அதிகம் இல்லை.

மின்கல அறையில் வெனியமின் தேநீரைத் தொடவில்லை.

"படிக்காதே, ரிம்மா."

"தலைவரே சொல்லிட்டாரு."

"அவரு சொல்லுவாரு. வேணும்னா அவரே படிக்கட்டும். தாளை ஒட்டட்டும், மேளம் அடிச்சுச் சொல்லட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. உன் குரல்ல வேண்டாம். இது விளம்பரம். அந்தப் பெட்டியில விளம்பரம் எது, உத்தரவு எதுன்னு பிரிச்சுப் பார்க்க நம்ம ஆளுக்குத் தெரியாது. பனிப்பாதை மூடியாச்சுன்னு நீ சொன்னா மூடியாச்சு. பங்கை வித்துடுன்னு நீ சொன்னா வித்துடணும்னுதான் நினைப்பாங்க."

"நான் விக்கச் சொல்லலையே. வாங்குறாங்கன்னு தானே படிக்கிறேன்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

"காலை நேரத்தை எடுக்கமாட்டோம்னு சொல்லியிருக்காங்க, வேனியா."

வெனியமினை அவள் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவாள். "எங்க சொன்னாங்க? பெட்டியிலயா?" என்று கேட்டுவிட்டுக் கொக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் குளியல் கூடத்துக்கும் காணாமல்போன ஆட்டுக்கும் நடுவில் அவள் அதைப் படித்தாள். குரலை மாற்றிப் படிக்கத்தான் நினைத்தாள். ஆனால் அவளிடம் இருந்தது ஒரு குரல்தான். வழக்கப்படி இரண்டு முறை படித்தாள்.

மத்தியானத்துக்குள் தபால் நிலையத்திலிருந்து சந்தை வரைக்கும் வரிசை நின்றது. தூரத்துக் கிராமங்களிலிருந்து சறுக்குவண்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள், சர்க்கரையை ஏற்றிக்கொண்டு போக. கிளாஃபிரா முன்னாலேயே போய் நின்றிருந்தாள்.

"அக்கா, நீங்களுமா?" என்று ரிம்மா கேட்டாள்.

"நீதானேடி சொன்னே!" என்றாள் கிளாஃபிரா. "அரசாங்கம் திரும்பக் கேக்குதுபோலன்னு நினைச்சேன். கொடுக்காம வச்சிருந்தா வம்பு."

ரிம்மா அப்போதாவது, இல்லை அக்கா, அரசாங்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வரிசையில் இருந்த அத்தனை தலையும் அவள் குரலுக்குத் திரும்பிவிட்டது. அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தலைத்துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

வெனியமின் மட்டும் விற்கவில்லை. சண்டையும் போடவில்லை. ஆனால் தேநீர் குடிக்க மின்கல அறைக்கு அதன்பிறகு அவன் வரவில்லை. சில நாள் ரிம்மா இரண்டு கோப்பை வைத்துப் பார்த்தாள். பிறகு ஒன்று வைத்தாள்.

புதிய முதலாளிகள் கெட்டவர்கள் என்று சொல்லமுடியாது. பதினைந்து வருஷமாகத் தொலைபேசிக்குக் காத்திருந்த வீடுகளுக்குத் தொலைபேசி வந்தது. டிவிக்குக் கேபிள் இழுத்தார்கள். கிளாஃபிரா பிரேசில் நாட்டுத் தொடர் பார்த்து அழுதாள். பிறகு அந்தக் கம்பெனியை அதைவிடப் பெரிய ஒன்று வாங்கியது. அதை இன்னும் பெரிய ஒன்று வாங்கியது. வாசல் பலகை மாறிக்கொண்டே இருந்தது. இப்போது முதலாளி யார் என்று கார்ப் நிகனோரவிச்சுக்கே தெரியவில்லை. சம்பளச் சீட்டின் தலைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். ரோதியோன் திரும்ப வரவே இல்லை. அவனுக்கு அதற்குள் வேறு ஊர், வேறு கம்பெனி.

ஓர் இலையுதிர்காலத்தில் மேலிடத்து உத்தரவு வந்தது. ஸலோமினோவின் காலை நேரம் லாபமில்லாத சேவை, நாளையிலிருந்து கிடையாது. பெட்டியில் மாஸ்கோ மட்டும் வரும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு.

"கடைசியா ஒரு தடவை சொல்லிட்டுப் போகட்டுமா?" என்று ரிம்மா கேட்டாள்.

கார்ப் நிகனோரவிச் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாதுன்னு எழுதியிருக்காங்கம்மா. ஜனங்க பதறுவாங்களாம்."

ஆக, ஊருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் செய்திக்குப் பிறகு கரகரப்பு வந்தது, அதன்பின் எங்கோ யாரோ வாசித்த இசை வந்தது. ரிம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது. கிளாஃபிரா ஜாம் பாட்டிலோடு மாடி ஏறி வந்தாள். ரிம்மாவை நிலையத்தில் கட்டணம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் மாற்றியிருந்தார்கள். கண்ணாடி இருந்ததால் அது அவளுக்குக் கஷ்டமாக இல்லை.

"திரும்ப வருவே. உன்னை விட்டா யாரு இருக்கா?" என்றாள் கிளாஃபிரா. அவள் பெட்டியை அணைக்கவே இல்லை. குளிர்காலம் முழுக்க அது சமையலறையில் பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தது.

வசந்தம் அந்த வருஷம் முந்திக்கொண்டது. கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தத்தைக் கேட்டே ரிம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, பாதை மூடும் நேரம் வந்துவிட்டதென்று. மூடியும்விட்டார்கள். ஆற்றுக் காவலர்கள் ஆற்றங்கரை இறக்கத்தில் எச்சரிக்கைப் பலகை நட்டார்கள், மாவட்டப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் போட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் ஓரம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கீழே கிளாஃபிரா கம்பளிக் காலணியும் நல்ல தலைத்துண்டுமாக, கையில் துணி மூட்டையோடு வெளியே வந்தாள். மூட்டையிலிருந்து ஆவி வந்தது. முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட அப்பமாக இருக்கும். தேவாலயத்துக்குப் போகிறாள் என்று ரிம்மா எண்ணிக்கொண்டாள். கிளாஃபிரா அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். ரிம்மா கையை ஆட்டினாள்.

ஜன்னலைத் திறந்து, எங்க அக்கா போறீங்க என்று கத்தியிருந்தால் முடிந்துபோயிருக்கும். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கிளாஃபிராவின் தங்கை அக்கரையில், ஸரேச்யேயில் இருந்தாள். அவளைப் பார்க்கப் போன கிளாஃபிராவின் காலடியில் பாதி ஆற்றில் பனி உடைந்துவிட்டது. மீன் பிடிக்கக் கரையோரம் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஊர்ந்து போய்ப் பலகையை நீட்டி அவளை இழுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது. இரண்டு பாதங்களிலும் உறைந்துபோன விரல்களை எடுக்கவேண்டி வந்தது.

மருத்துவமனையில் ரிம்மா கட்டிலோரம் நின்றாள். உட்கார முடியவில்லை.

"அப்பம் போச்சுடி" என்றாள் கிளாஃபிரா. "நல்லா சிவந்து வந்திருந்தது. மீனுங்க சாப்பிட்டிருக்கும்."

"பலகை வச்சிருந்தாங்களே அக்கா..."

"பலகையா? அது வெளியூர்க்காரனுக்கு. நான் குளியல் கூடத்துப் பின்பக்கமா இறங்கினேன், எப்பவும் போலத்தான்." கிளாஃபிரா போர்வையைச் சரிசெய்துகொண்டாள். அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். "காலையில பெட்டியைக் கூட்டி வச்சுக் கேட்டேன். பெட்டி ஒண்ணும் சொல்லலை. சரி, இன்னும் மூடலைன்னு நினைச்சேன். அப்புறம் உன்னைப் பார்த்தேன். நீ கையை ஆட்டினே. போகக்கூடாதுன்னா நீயே சொல்லியிருப்பியே."

ரிம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் பெண் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அந்தக் கோடையிலேயே கம்பியை எடுக்க உத்தரவு வந்தது. எடுத்தவன் வெனியமின். தான் கட்டியதைத் தானே தெருத்தெருவாக அறுத்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பிள்ளைகள் பின்னால் போய், "மாமா, ஏன் அறுக்கிறீங்க?" என்று கேட்டால், "முதலாளி உத்தரவு" என்பான். "முதலாளி யாரு?" என்றால் தன் மார்பைத் தொட்டுக்காட்டுவான். அவனிடம் அந்தப் பங்கு இன்னும் இருந்தது. அதை என்ன செய்வது என்று சொல்ல எந்த ஜன்னலும் இல்லை.

கிளாஃபிரா பெட்டியைச் சுவரிலிருந்து எடுக்கவிடவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். அதன்மேல் தீப்பெட்டி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வசந்தத்தில் ரிம்மா காத்திருக்கவில்லை. தினமும் காலையில் ஆற்றுக் காவலர்களுக்குத் தொலைபேசி செய்தாள். முதல் இரண்டு நாள் அந்தப்பக்கம் கேட்டவன், "யாரும்மா நீங்க?" என்று சலித்துக்கொண்டான். மூன்றாம் நாள் குரல் பிடிபட்டது. "ரிம்மா சவேல்யெவ்னாவா? எங்க வீட்டுல உங்களைக் கேட்டுத்தான்..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் நடுவில் புகுந்து பனியின் கனம் கேட்டாள். நாளைக்கு மூடுகிறோம் என்றான்.

மறுநாள் ரொட்டி வருகிற நேரத்துக்குக் கடைக்குப் போனாள். கடை நிறைய ஆள். வரிசை கதவுவரை இருந்தது. ரிம்மா வரிசையில் நிற்காமல் முன்னால் போய், ரொட்டித் தட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏம்மா, வரிசை இருக்குல்ல?" என்று யாரோ கத்தினார்கள்.

பார்க்கச் சுவர் இல்லை. முகங்கள்தான் இருந்தன.  அவள் தலைத்துண்டின் முடிச்சைத் தளர்த்திக்கொண்டாள்.

"ஸலோமினோ பேசுகிறது" என்றாள். "ஆற்றின் பனிப்பாதை இன்று முதல் மூடப்படுகிறது. நடந்தும் போகவேண்டாம், வண்டியிலும் போகவேண்டாம். தயவுசெய்து."

முன்வரிசையில் நின்ற வயதானவர்கள் அசையாமல் நின்றார்கள். ஒரு மனிதன், ஏனென்று அவனுக்கே தெரியாமல், தொப்பியைக் கழற்றினான். கல்லாவில் இருந்தவள், முன்னொரு காலத்தில் அவளை ஊமை என்று சொன்னவள், கையில் சில்லறையோடு அப்படியே நின்றாள். நடுவில் இருந்த இளம்பெண் ஒருத்தி பக்கத்துக்காரியிடம், "யாரு இவங்க? கொஞ்சம் அப்படி இப்படியா?" என்று கிசுகிசுத்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் கைபேசியிலிருந்து தலையையே தூக்கவில்லை.

கதவருகில் தோளில் கம்பிச் சுருளோடு வெனியமின் நின்றிருந்தான். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசினான்.

"இங்க சரியா கேக்கலை" என்றான். "நீ ரெண்டு தடவைதானே சொல்லுவே?"

ரிம்மா இரண்டாவது முறை சொன்னாள். இந்தத் தடவை கைபேசிக்காரர்களில் ஒருவன் நிமிர்ந்தான். மற்றவன் நிமிரவில்லை.

பிறகு கூட்டம் பழையபடி நகர்ந்தது. ரொட்டி தீருமுன் வாங்கவேண்டுமே. வெனியமின் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். தேநீர் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்கான அறையே இப்போது இல்லை. பூட்டிச் சாவியைப் பெரிய நகரத்துக்கு எடுத்துப்போயிருந்தார்கள்.

வெளியே சேறும் பனியும் கலந்து கிடந்தன. நிலையத்துத் தெருவில் ஒரு கடை, மர ஆலைப் பக்கம் ஒன்று, பஸ் நிலையத்தில் ஒன்று. ஒருகாலத்தில் கஞ்சி கொதிக்கிற அத்தனை சமையலறைக்கும் ஒரே நொடியில் போய்ச் சேர்ந்த குரல். இனி அது கால்நடையாகத்தான் போகவேண்டும். எத்தனை நடந்தாலும் எட்டாத வீடுகள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் அவள் வீட்டுப்பக்கம் திரும்பினாள். கிளாஃபிராவின் கதவைத் தட்டி, நிலையில் நின்றபடியே, மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

"சரிடி கண்ணு" என்று உள்ளே நாற்காலியிலிருந்து பதில் வந்தது. "இந்த வருஷம் நல்லா கேட்டுச்சு."